வன்னியில் காணி வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வி: சூரிச்சிலிருந்து ஒரு தம்பி, 4 ஆகஸ்ட் 2025

அக்கா, பரந்தனுக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் அரை ஏக்கர் காணி விலைக்கு வந்திருக்கிறது. ஒரு கோடி கேட்கிறார்கள். "பிரச்சினை இல்லாத காணி, பேர்மிட் கையில இருக்கு, உறுமய என்கிற அரச திட்டத்தில உறுதியும் வந்திடும்" என்று தரகர் சொல்கிறார். வாங்கி நாலு அறை கட்டி கம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டால் வங்கியில் போடுவதைவிட லாபம் என்பது மச்சானின் கணக்கு. நிலம் ஒருநாளும் விலை இறங்காதுதானே? நான் சுவிஸ் குடியுரிமை எடுத்துவிட்டேன். செப்டெம்பருக்குள் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். என்ன செய்ய?

4 ஆகஸ்ட், இரவு

தம்பி, அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். மிச்சத்தை ஆறுதலாக எழுதுகிறேன், இதை மட்டும் இன்றைக்கே வாசித்துவிடுங்கள். பேர்மிட் காணியை யாரும் உங்களுக்கு உறுதி (காணியின் சொத்துப் பத்திரம்) முடித்து விற்க முடியாது. உறுதிக் காணியாகவே இருந்தாலும் சுவிஸ் பிரஜையாக மட்டும் இருக்கிற உங்கள் பெயருக்கு எழுத முடியாது. இந்த இரண்டில் ஒன்று போதும் காசு போக.

5 ஆகஸ்ட்

பேர்மிட் விஷயத்தை முதலில் முடிக்கிறேன், ஏனென்றால் வன்னியில் பாதிச் சண்டை இதில்தான் தொடங்குகிறது.

நான் நொத்தாரிசு (நோட்டரி) ஒருவரின் கந்தோரில் நீண்ட காலம் உறுதி எழுதுகிற வேலை செய்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பரம்பரை உறுதி, சீதன உறுதி, தோம்பு (காணிப் பதிவேடு) என்றுதான் பழக்கம். இங்கே அப்படியில்லை. குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகளில் பெரும் பங்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. முதலில் கொடுப்பது அனுமதிப்பத்திரம், அதைத்தான் பேர்மிட் என்கிறோம். அதில் காணி அரசாங்கத்தினுடையது. பேர்மிட்காரர் இருக்கலாம், பயிர் செய்யலாம், வீடு கட்டலாம், பின்னுரித்தாளரை (தனக்குப் பிறகு காணியைப் பெறுபவரை) நியமிக்கலாம். விற்க முடியாது. நிபந்தனையை நிறைவேற்றினால் அடுத்தபடியாக அளிப்புப் பத்திரம் வரும், ஜெயபூமி, சுவர்ணபூமி என்று சனம் சொல்கிறதும் இந்த வகைதான். அளிப்பு வந்த பிறகும் கைமாற்ற முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். அதை வாங்காமல் எழுதினால் அந்த உறுதிக்கு மதிப்பில்லை.

அப்படியென்றால் ஊரில் பேர்மிட் காணி கைமாறுவதே இல்லையா என்று கேட்பீர்கள். மாறுகிறது. ஒரு வெள்ளைத்தாளில் "இன்னாரிடம் இவ்வளவு காசு பெற்றுக்கொண்டு என் காணியை ஒப்படைக்கிறேன்" என்று எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி கையெழுத்து வைத்து முடித்துவிடுகிறார்கள். வாங்கினவர் மதில் கட்டுகிறார், வீடு கட்டுகிறார். பத்து வருடம் கழித்து பேர்மிட்காரர் செத்துப்போனதும் பின்னுரித்தாளர் பிரதேச செயலகத்தில் போய் நிற்கிறார், காணி அவர் பெயருக்குப் போகிறது, காசு கொடுத்தவர் வெள்ளைத்தாளோடு நிற்கிறார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எங்கள் கந்தோருக்கு வந்து அழுத ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் காணியை மீட்டுக் கொடுக்க முடியவில்லை.

உறுமய என்பது 2024இல் தொடங்கிய திட்டம், பேர்மிட், அளிப்பு வைத்திருப்பவர்களுக்கு முழு உரித்து உறுதி கொடுப்பதற்காக. நல்ல விஷயம். ஆனால் அது பேர்மிட்காரரின் பெயருக்கு வருகிற உறுதி. வந்து, பதிவாகி, அவர் கையில் இருக்கட்டும், அப்புறம் பேசலாம். வரப்போகிற உறுதியை நம்பி இன்றைக்குக் காசு கொடுப்பது வேண்டாம்.

6 ஆகஸ்ட்

குடியுரிமை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு இங்கே காணியைச் சொந்தமாக எழுதிக் கொடுக்க முடியாது. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கிருந்து ஓடிப்போனவராக இருந்தாலும் இலங்கைக் குடியுரிமை இல்லையென்றால் சட்டத்துக்கு நீங்கள் வெளிநாட்டவர்தான். எனக்கு இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. வழி இருக்கிறது: இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால் தடை இல்லை. நெருங்கிய உறவிலிருந்து முதுசமாகவோ (பரம்பரைச் சொத்தாகவோ) நன்கொடையாகவோ வருவதற்கும் விலக்கு இருக்கிறது. அம்மா அப்பாவின் காணி உங்களுக்கு வரலாம், தரகரின் காணி வராது. நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கலாம், 99 வருடம் வரைக்கும்.

"மச்சான் பெயரில் வாங்கி வைக்கலாம்" என்று இனிச் சொல்லப்போகிறீர்கள். அவர் பெயரில் வாங்கினால் அது அவருடைய காணி. அவர் மணமானவரென்றால், கல்யாணத்துக்குப் பிறகு விலைக்கு வாங்கியது தேசவழமையில் (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம்) தேடியதேட்டம், மனைவிக்கும் பங்கு உண்டு. உங்கள் பெயர் அந்த உறுதியில் எங்கேயும் இல்லை. மச்சான் எவ்வளவு நல்லவராகவும் இருக்கட்டும், நாளைக்கு அவருக்கு ஏதும் நடந்தால் நீங்கள் அவருடைய பிள்ளைகளோடு வழக்காட வேண்டி வரும். அதை நீங்களே விரும்ப மாட்டீர்கள்.

9 ஆகஸ்ட்

தம்பி கேட்ட "விலை இறங்காதுதானே" என்பதற்கு வருகிறேன்.

ரூபாய் கணக்கில் பார்த்தால் அப்படித் தெரியும். உங்களுடைய சம்பளம் ரூபாயில் இல்லையே. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய். அதே வருட நடுவில் 360. அன்றைக்கு ஒரு கோடிக்குக் காணி வாங்கினவர் போட்டது 50,000 டொலர். ரூபாயில் விலை அப்படியே நின்றிருந்தால் சில மாதத்தில் அது 28,000 டொலருக்குக் கிட்ட வந்துவிட்டது. இப்போது 300 ரூபாய் என்று வைத்தாலும் 33,000 தான். பழைய இடத்துக்கு வரவே காணி ரூபாயில் ஒன்றரை மடங்கு ஏற வேண்டும். அந்த நேரம் நிலையான வைப்பில் போட்டவருக்கு 20 வீதத்துக்கு மேலே வட்டி கிடைத்தது. இப்போது அந்த வட்டி ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது, அதனால் எல்லாருடைய கண்ணும் திரும்பக் காணிப் பக்கம் போயிருக்கிறது, தரகர்களின் அவசரமும் அதனால்தான்.

வாடகையும் ஏறிக்கொண்டே போகும் சாமான் இல்லை. சண்டை முடிந்த பிறகு கிளிநொச்சியில் தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். கந்தோருக்கு, ஆட்கள் தங்க, வாகனம் விட என்று கூரை போட்ட வீடு எது கிடைத்தாலும் எடுத்தார்கள், கேட்ட காசைக் கொடுத்தார்கள். அதை நம்பி வங்கிக் கடன் எடுத்து மேல்மாடி கட்டினவர்கள் இருக்கிறார்கள். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வெளிக்கிட்ட பிறகு அந்த மாடிகள் பூட்டிக் கிடந்தன, கடன் மட்டும் நின்றது. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தபோது ஸ்ரேசன் பக்கத்துக் காணிக்கு இதே மாதிரி ஒரு அவசரம் இருந்தது.

10 ஆகஸ்ட்

கம்பஸ் பிள்ளைகள் விஷயத்தில் மச்சான் சொல்வதில் உண்மை இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியாவில் 2021 ஆகஸ்ட்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம், பம்பைமடுவில். விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வெளியில் அறை தேடத்தான் செய்வார்கள். நானும் இரண்டு அறையைப் பிள்ளைகளுக்குத்தான் விட்டிருக்கிறேன்.

ஆனால் அவர்கள் நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில்தான் அறை எடுப்பார்கள். பரந்தன் சந்தியிலிருந்து அறிவியல் நகர் கிளிநொச்சி நகரத்தையும் தாண்டித் தெற்கே. பஸ் பிடித்து வர வேண்டும். அந்தக் காணியில் கட்டினால் கம்பஸ் பிள்ளைகள் வரமாட்டார்கள். வேலைக்கு வருகிற உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள் வரலாம். அவர்கள் வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போய்த் திங்கள் வருகிறவர்கள், இடமாற்றம் வந்தால் அந்த மாதமே வெளிக்கிடுவார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாலு அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு 6,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 48,000. பன்னிரண்டு மாதமும் நிரம்பி இருக்காது, லீவு, பரீட்சை முடிந்து ஒரு தொகுதி வெளிக்கிட்டு அடுத்த தொகுதி வரும் இடைவெளி எல்லாம் போக ஒன்பது மாதம் வைத்தால் வருடத்துக்கு 4 லட்சத்து 32 ஆயிரம். காணி ஒரு கோடி, கட்டடம் இன்னும் ஒரு கோடி என்றால் நூற்றுக்கு இரண்டு கொஞ்சம் சொச்சம். அதற்குள்தான் மோட்டர் எரிகிறது, கக்கூஸ் குழி நிரம்புகிறது, கூரை ஓடுகளைக் குரங்கு தள்ளுகிறது, பெயின்ற் அடிக்க வேண்டி வருகிறது. உங்களிடம் ஏற்கெனவே முதுசக் காணி ஒன்று சும்மா கிடந்து, அதில் அறை கட்டுவதென்றால் கணக்கு வேறு. காணியை விலைக்கு வாங்கிக் கட்டி வாடகையில் போட்ட காசை எடுக்கலாம் என்பது இங்கே நடக்காது.

வரிச் செலவையும் சேர்க்க வேண்டும். உறுதி முடிக்கும்போது முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஒரு கோடிக்கு 3 லட்சத்து 99 ஆயிரம். நொத்தாரிசுக் கூலி, சேவையர் (நில அளவையாளர்) கூலி வேறாக. வாடகையும் வருமானம்தான், அதற்கும் வரிக்கணக்கு உண்டு.

15 ஆகஸ்ட்

வட்டக்கச்சியிலிருந்து ஒரு அண்ணை கேட்கிறார்: "உறுதிக் காணி, உறுதியும் மூலமாக இருக்கு, ஆனால் அதில இரண்டு குடும்பம் கனகாலமா இருக்கு, ஏதும் காசு குடுத்து எழுப்பிப்போட்டு வாங்கலாமோ?"

அண்ணை, இதற்கு நீண்ட பதில்தான் சொல்ல முடியும். கோபமும் கொஞ்சம் வருகிறது, உங்கள் மேல் இல்லை.

வன்னியில் நிறையக் காணிகளின் உறுதிக்காரர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கனடாவிலோ இருக்கிறார். அந்தக் காணியில் இருந்து காடு வெட்டி, கிணறு வெட்டி, தென்னை வைத்தது இன்னொரு குடும்பம். அதில் கணிசமானவை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். 1958இலும் 1977இலும் 1983இலும் அடித்துத் துரத்தப்பட்டு, தோட்டத்தை விட்டு, கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்தவர்கள். மத்திய வகுப்புத் திட்டத்திலும் மற்றத் திட்டங்களிலும் பெரிய காணி எடுத்தவர்களுக்குக் கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது, "ஒரு மூலையில கொட்டில் போட்டு இரு" என்றார்கள். அந்த மூலையில் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. சண்டையில் செத்ததும் அவர்கள்தான், மெனிக் பாம் முகாமுக்குப் போனதும் அவர்கள்தான். திரும்பி வந்தபோது வீட்டுத்திட்டத்தில் சேர்க்க "காணிப் பத்திரம் எங்கே" என்று கேட்டார்கள். பத்திரம் இல்லாததால் கண்ணுக்கு முன்னால் பக்கத்து வளவில் கல்வீடு எழும்ப, தறப்பாளுக்குள் இருந்த குடும்பங்கள் எத்தனை. அவர்களை எழுப்பிப்போட்டு வாங்கலாமா என்று கேட்டால் என் மனம் இல்லை என்றுதான் சொல்லும்.

சட்டமும் அவ்வளவு லேசாக விடாது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டப்படி தனியார் காணியில் பத்து வருடம் தடையில்லாமல், சொந்தக்காரருக்கு எதிரான உரிமையோடு இருந்தவர் அதைத் தனதென்று கோரலாம். சொந்தக்காரரின் சம்மதத்தில் காவலுக்கோ வேலைக்கோ இருந்தவருக்கு அது லேசில் சரிவராது, எப்போது அந்தச் சம்மதம் முடிந்தது என்று நிரூபிக்க வேண்டும். சண்டையால் தன் காணிக்கு வர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடத்தில் சேர்க்காமல் விடலாம் என்று. ஆனால் அதில் வழக்குப் போட இரண்டு வருடம்தான் கொடுத்தார்கள், அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆக, நீங்கள் விலைக்கு வாங்குவது காணியோடு சேர்த்து ஒரு வழக்கையும்.

செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது, நான் கண்ணால் பார்த்ததும். எங்கள் கந்தோரில் ஒரு உறுதிக்காரர், இரண்டு ஏக்கரை விற்க வந்தவர், அதில் இருந்த குடும்பத்துக்கு வீடும் கிணறும் சேர வருகிற மாதிரி நாலு பரப்பை, அதாவது கால் ஏக்கரை, சேவையரைக் கொண்டு பிரித்து, தனி உறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை விற்றார். அந்த வீட்டு அம்மா கைநாட்டு வைக்கும்போது பெருவிரலில் ஒட்டின மையைத் துடைக்காமலே உறுதியைத் தடவித் தடவிப் பார்த்தா. இரண்டாம் பக்கத்தில் அந்த மை பட்ட அடையாளம் இருக்கும். வாங்கினவருக்கும் ஒரு நட்டமும் இல்லை, பக்கத்தில் ஆள் இருக்கிற காணி, வேலி கதியால் களவு போகாது.

16 ஆகஸ்ட்

நேற்று எழுதினதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தப் பத்து வருடக் கணக்கு தனியார் காணிக்கு மட்டும். அரச காணியில் ஐம்பது வருடம் இருந்தாலும் இந்த வழியில் உரித்து வராது. "நாங்கள் கனகாலம் இருக்கிறம், ஆட்சி உறுதி முடிச்சிட்டம்" என்று சிலர் விற்க வருவார்கள். ஆட்சி உறுதி என்பது "நான் இவ்வளவு காலம் ஆண்டு வருகிறேன்" என்று ஒருவர் தானே நொத்தாரிசுக்கு முன்னால் சொல்லி எழுதுவது. நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவரின் காணிக்கு யாரோ ஆட்சி உறுதி எழுதி அடுத்தவருக்கு விற்று, அவர் இன்னொருவருக்கு விற்று, மூன்றாவது ஆள் வீடு கட்டும்போது சொந்தக்காரர் விமானத்தில் வந்திறங்குவது இங்கே நடக்கிற கதைதான். முதல் உறுதியே ஆட்சி உறுதி என்று கண்டால் அங்கேயே நின்று நிதானமாக விசாரியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் இது: உங்கள் காணிக்கு நீங்களே காணிப் பதிவகத்தில் எச்சரிக்கைப் பதிவு போட்டு வைக்கலாம். யாராவது அந்தக் காணியில் உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். காலாவதியாகிறதைப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

24 ஆகஸ்ட்

உறுதி தொலைந்தவர்கள் மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இதிலேயே.

2009இல் ஒவ்வொரு ஊராக இடம்பெயரும்போது என் அம்மா உறுதியை, பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து, பொலித்தீன் பையில் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் போட்டு, பால்மா ரின்னில் அடைத்துப் பூவரசு மரத்தடியில் தாட்டுவிட்டுப் போனா. திரும்பி வந்து கிண்டினபோது ரின் கறள் பிடித்து அடி கழன்றிருந்தது. தாள் ஓரமெல்லாம் கறையான் தின்று, மடித்த இடங்கள் அற்று, எல்லை விவரம் மட்டும் தெளிவாக நின்றது: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாரின் வளவு, தெற்கு வாய்க்கால். பதிவு இலக்கம் இருந்த மூலை இல்லை.

அந்த மூலை இல்லாவிட்டாலும் வழி உண்டு. எழுதின நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் ஆண்டும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் இரண்டாம் பிரதி தேடலாம், ஏனென்றால் நொத்தாரிசு ஒரு பிரதியை அங்கே அனுப்பியிருப்பார். அதுவும் தெரியாவிட்டால் பக்கத்து வளவுக்காரரின் உறுதியைப் பாருங்கள். அதில் உங்கள் ஆட்களின் பெயர் எல்லையாக இருக்கும், ஒரே தாய்க்காணியிலிருந்து பிரிந்ததென்றால் பழைய பதிவுப் பக்கமும் கிடைக்கும். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. பேர்மிட் என்றால் பிரதேச செயலகக் காணிக் கிளையில் காணிப்பேரேடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும், விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தலோடு.

பத்திரத்தைத் தேடி எடுத்து வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 மார்ச் 28 வர்த்தமானி ஞாபகம் இருக்கும். வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் உட்பட, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று வந்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்து பிறகு அதை மீளப்பெற்றார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் ஒஸ்லோவில் இருக்கிறவர் பத்திரத்தோடு எப்படி வந்து நிற்பார்? முல்லைத்தீவில் பத்திரம் இல்லாத, ஆனால் தலைமுறையாகச் செய்த காணிக்காரர் பட்ட பயத்தை நேரில் கேட்டேன்.

31 ஆகஸ்ட்

பேர்மிட் காணியில் பெண் பிள்ளைக்கும் சமமாக உரித்து வருமா, சட்டம் மாறியிருக்கிறதா என்று கேட்ட தங்கச்சிக்கு. ஓம், மாற்றம் வந்திருக்கிறது. பேர்மிட்காரர் யாரையும் நியமிக்காமல் இறந்தால் முன்பு பட்டியலில் மகன்தான் மகளுக்கு முன்னால் வருவான். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தத்தில் அந்த ஆண், பெண் வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு காலம் தாமதித்து வந்த திருத்தம்! எங்கள் கிராமங்களில் குடும்பத்தைக் கொண்டு நடத்தினது பாதிக்கு மேல் பெண்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பட்டியலை நம்பி இருக்க வேண்டாம், அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் நியமனத்தைப் பதிவித்துவிடுங்கள். இறந்த பிறகு என்றால் ஆறு மாதத்துக்குள் உரித்துக் கோர வேண்டும், அதைத் தவறவிட்டுத் திண்டாடுகிறவர்கள் கனபேர்.

14 செப்டெம்பர்

வாடகை விடுகிறவர்களின் கேள்விகள் சேர்ந்துவிட்டன.

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டுமா? வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுதினால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். "தெரிஞ்ச பெடியன், எதுக்கு எழுத்து" என்கிறவர்கள்தான் பிறகு எழுப்ப முடியாமல் நிற்கிறார்கள். 2023இல் ஒரு புதுச் சட்டம் வந்தது, குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டைச் சுருக்கமான நடைமுறையில் மீட்க. நொத்தாரிசு எழுதின ஒப்பந்தம் இருக்கிறவருக்குத்தான் அந்தக் கதவு. பூட்டை உடைக்கிறது, கரண்டை வெட்டுகிறது, சாமானைத் தூக்கி வெளியில் போடுகிறது எல்லாம் உங்களைத்தான் பொலிசுக்குக் கொண்டுபோகும்.

கரண்ட் பில் சண்டைக்கு நான் செய்கிறது: அறைக்குத் தனித்தனி உப மீற்றர், குசினி வாசலில் ஆணியில் ஒரு கொப்பி, பேனை நூலில் கட்டித் தொங்கும். மாதம் முதலாம் திகதி பிள்ளைகள்தான் மீற்றரைப் பார்த்து எழுதுவார்கள், நான் பக்கத்தில் நிற்பேன். நான் எழுதினால் சந்தேகம் வரும், அவர்கள் எழுதினால் வராது. அயர்ன் பண்ணுகிற பிள்ளை யார், ஹீற்றரில் தண்ணி கொதிக்கவைக்கிற பிள்ளை யார் என்று அவர்களுக்குள்ளேயே தெரிந்துவிடும். பரீட்சைக் காலத்தில் விடிய விடிய லைற் எரியும், அதை நான் கேட்பதில்லை.

இன்னொன்று. "புருசன் இல்லாத பொம்பிளைக்கு வீடு குடுக்க மாட்டம்" என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் புருசன் எங்கே என்று இந்த மண்ணில் யாருக்கும் தெரியாதா? என் பின் வளவு வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு தங்கச்சி தையல் மெசினில் வேலை செய்து வாடகை கொடுக்கிறா. ஒரு மாதமும் பிந்தியதில்லை. தயவுசெய்து அப்படிச் சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

28 செப்டெம்பர்

சூரிச் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். பரந்தன் காணியை விட்டுவிட்டாராம், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். நல்லது. இப்போது உருத்திரபுரம் பக்கம் உறுதிக் காணி ஒன்று, அண்ணன் தம்பி அக்காமார் என்று ஐந்து பேருக்குப் பங்கு, ஒருவர் மட்டும் தன் பங்கை விற்க நிற்கிறார்.

தேசவழமையில் கூட்டுச் சொந்தக்காரருக்கு முன்விலைக் கொள்வனவு உரிமை இருக்கிறது, 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம். பங்கை வெளியாளுக்கு விற்க முதல் மற்றப் பங்காளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் உங்களுக்கு எழுதினால் மற்ற நாலு பேரில் ஒருவர் வழக்குப் போட்டு, நீங்கள் கொடுத்த விலையைக் கட்டிவிட்டுக் காணியை எடுத்துக்கொள்ளலாம். பிரிக்காத காணியில் பங்கு வாங்கினால் எந்த மூலை உங்களுடையது என்றும் தெரியாது. ஐந்து பேரும் ஒன்றாகப் பிரிவினை உறுதி முடித்து, சேவையர் வரைபடத்தில் துண்டு இலக்கம் வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லுங்கள். பழைய உறுதிகளில் மணமான பெண் விற்றிருந்தால் கணவரும் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறாரா என்றும் நொத்தாரிசு பார்க்க வேண்டும், அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் முறிந்த விற்பனைகள் உண்டு. வெளிநாட்டுப் பங்காளர் அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம்) அனுப்பினால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது.

2 நவம்பர்

மழை தொடங்கிவிட்டது. காணி பார்க்கச் சரியான மாதம் இதுதான், ஆனால் வெளிநாட்டுக்காரர் எல்லாரும் ஆவணி லீவில் வந்து காய்ந்த நிலத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியில் எந்த வளவுக்குள் தண்ணி வந்தது என்று அந்த ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். தம்பி, உருத்திரபுரம் காணிக்கு இந்த மாதம் யாரையாவது அனுப்பி வீடியோ எடுப்பியுங்கள், ஒழுங்கை வாயிலிருந்து கிணற்றடி வரைக்கும். கிணற்றுத் தண்ணியை வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பங்குனி சித்திரையில் வற்றுமா என்று பக்கத்து வீட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

வயலா மேட்டுக்காணியா என்பதையும் கமநல சேவை நிலையத்தில் பார்க்க வேண்டும். வயலை மண் போட்டு நிரப்ப அனுமதி வேண்டும், 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம். குத்தகைக்குச் செய்கிறவர் பதிவில் இருந்தால் விற்க முதல் அவருக்குத்தான் விலை சொல்ல வேண்டும். குளத்து ஒதுக்கீடு, வாய்க்கால் ஒதுக்கீடு, வீதி ஒதுக்கீடு மூன்றும் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கண்ணிவெடி பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முகமாலைப் பக்கமோ காட்டோரமோ என்றால் துப்புரவாக்கி ஒப்படைத்த காணியா என்று விசாரியுங்கள். சான்று இருந்தாலும் அத்திவாரம் வெட்டுகிறவர்களிடம், இரும்புத்துண்டு ஏதும் கண்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு வெளியே வரச் சொல்லி வையுங்கள். கிணறு வெட்டுகிறவர்கள் கூலி ஆட்கள், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

9 நவம்பர்

முற்பணம் எவ்வளவு வாங்கலாம் என்று இன்னொரு தம்பி. பிள்ளைகளிடம் ஒரு மாதம், குடும்பத்திடம் மூன்று மாதம், ரசீது எழுதிக் கொடுத்து. வெளிக்கிடும் அன்றைக்கே, கரண்ட் பில்லைக் கழித்து, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆணி அடித்த ஓட்டைக்கும் சுவரில் பட்ட எண்ணெய்க் கறைக்கும் காசு வெட்ட வேண்டாம், அது வீட்டில் ஆள் இருந்ததால் வருகிறது.

சூரிச் தம்பி, வரைபடமும் தோம்புப் பிரதியும் வந்ததும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பங்காளர் ஐந்து பேரின் அடையாள அட்டை இலக்கமும் கேட்டு வாங்குங்கள்.